டிரேடிங் வேலைக்குக் கணித மேற்படிப்பு: எந்த நாற்காலிக்கு எத்தனை ஆண்டு?

கணிதத்தில் இளநிலைப் பட்டம் முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. “டிரேடிங்கில் நுழைய ஆசை. முனைவர் பட்டம் வரை படித்துவிட்டுப் போகலாமா, இல்லை இப்போதே வேலை தேடலாமா?” கேட்பவர்கள் நன்றாகப் படிப்பவர்கள். அறிவுரைக்கும் பஞ்சமில்லை. ஒருவர் கணிதப் பேராசிரியராக இருந்து ஹெட்ஜ் ஃபண்ட் என்னும் தனியார் முதலீட்டு நிதியைத் தொடங்கிய ஜிம் சைமன்ஸைக் காட்டி, படி என்கிறார். இன்னொருவர் 1987-ல் ஹார்வர்டு விடுதி அறையிலிருந்தே டிரேட் செய்து, 1990-ல் சிட்டாடல் என்ற ஹெட்ஜ் ஃபண்டைத் தொடங்கிய கென் கிரிஃபினைக் காட்டி, படிப்பில் காலத்தைப் போக்காதே என்கிறார். இரண்டும் உண்மைக் கதைகள்தாம். கேட்டவருக்குத்தான் குழப்பம் தீர்வதில்லை.

‘டிரேடிங்’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து தனித்தனி வேலைகள் இருப்பதே அதற்குக் காரணம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வேலைகளில் ஒன்றிரண்டுக்கு உயர்கணிதப் பட்டம் நுழைவுச்சீட்டு. மற்றவற்றில் அது கொடுப்பதைவிட எடுத்துக்கொள்வது அதிகம். ஆகவே பட்டத்தை மொத்தமாக எடைபோடாதீர்கள். இன்னும் ஓர் ஆண்டு படித்தால் அந்த ஓர் ஆண்டு எனக்கு எதை வாங்கித் தருகிறது என்று ஆண்டு ஆண்டாக எடைபோடுங்கள்.

## எந்த நாற்காலியில் உட்கார ஆசை?

மார்க்கெட் மேக்கிங் டிரேடர். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் சந்தைக்குச் சொல்லி, இடையில் உள்ள சிறு வித்தியாசத்தில் பிழைப்பவர். வேகமான மனக்கணக்கு, நிகழ்தகவு உணர்வு, தவறை உடனே ஒப்புக்கொள்ளும் மனம் மூன்றும் வேண்டும். ஆப்டிவர் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வில் 8 நிமிடத்தில் 80 மனக்கணக்குகள் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. சஸ்குவஹானா என்ற டிரேடிங் நிறுவனம் தன் பயிற்சியில் போக்கர் ஆட்டத்தையே பாடமாக வைத்திருக்கிறது. இங்கே ஆட்களைப் பெரும்பாலும் இளநிலைப் பட்டத்தோடு எடுத்து, உள்ளேயே பழக்கிக்கொள்கிறார்கள்.

குவான்ட் (கணித வழியில் சந்தையை அணுகும்) ஆய்வாளர். தரவுக் குவியலில் விலையைச் சிறிதளவாவது முன்கூட்டிச் சொல்லும் தடயங்களைத் தேடுபவர். மாதக்கணக்கில் ஒரே கேள்வியோடு உட்கார வேண்டிய வேலை. முனைவர் பட்டக்காரர்கள் கூட்டமாக இருக்கும் இடம் இதுதான்.

வங்கியில் விலை மாடல் போடுபவர். ஆப்ஷன் முதலிய டெரிவேட்டிவ்களுக்கு, அதாவது பங்கு போன்ற வேறொன்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்களுக்கு, விலையும் அபாயமும் கணக்கிடுபவர். ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ் (தற்செயலாக மாறும் அளவுகளுக்கான கால்குலஸ்) உண்மையிலேயே அன்றாடம் புழங்குவது இங்கேதான்.

குவான்ட் டெவலப்பர். கணிதத்தைவிட மென்பொருள் முக்கியம். இந்த நாற்காலியைக் குறைவாக மதிக்கிறவர்கள் 2012 ஆகஸ்ட் 1-ஐ நினைத்துக்கொள்ளலாம். நைட் கேபிடல் நிறுவனம் புதிய மென்பொருளைச் சர்வர்களில் ஏற்றியதில் நேர்ந்த பிசகால், சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் அளவுக்கு இழந்தது. எந்தத் தேற்றமும் அதைத் தடுத்திருக்காது.

சொந்தக் கணிப்பில் டிரேட் செய்பவர். வட்டி, நாணயம், கச்சா எண்ணெய் என்று உலகப் பொருளாதாரத்தைப் படித்து நிலை எடுப்பவர். பொருளாதாரமும் வரலாறும் மனக்கட்டுப்பாடும் இங்கே கைகொடுக்கும். உயர்கணிதம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

அளவுகோல்கள் ஐந்து. முதலாவது, அந்தப் பட்டம் கதவைத் திறக்குமா. இரண்டாவது, கதவு திறந்தபின் வேலையில் உதவுமா. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் இந்த விவாதத்தின் பெரிய கோளாறு. சில பட்டங்கள் கதவைத் திறந்துவிட்டு அதன்பின் எதற்கும் பயன்படுவதில்லை. சில பாடங்கள் தினமும் பயன்படும், ஆனால் அவற்றுக்காக யாரும் உங்களை நேர்காணலுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

மூன்றாவது, காலமும் பணமும், சம்பாதிக்காமல் விட்ட சம்பளத்தையும் சேர்த்து. நான்காவது, இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்பது எவ்வளவு சீக்கிரம் தெரியும். ஐந்தாவது, கதவு திறக்கவே இல்லையென்றால் கையில் என்ன மிஞ்சும். இதைப் பலர் கேட்பதே இல்லை. டிரேடிங் இருக்கைகள் எண்ணிக்கையில் குறைவு. தகுதி உள்ளவர்களிலும் பலருக்கு அவை கிடைப்பதில்லை. அதனால் என்னைப் பொறுத்தவரை ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் கனமானது.

## கணிதம் எந்த ஆழம் வரை உதவுகிறது

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆண்டுகளின் மதிப்பே இதில்தான் அடங்கியிருக்கிறது.

உங்களிடம் நூற்றுக்கு 51 முறை ஜெயிக்கும் ஓர் உத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெற்றியும் தோல்வியும் சம அளவு. இது வெறும் நாணயச் சுண்டல் இல்லை என்று ஓரளவு நம்பிக்கையோடு, அதாவது இரண்டு திட்டவிலக்க அளவுக்கு, சொல்ல எத்தனை டிரேட் வேண்டும்? 10,000. நூறு டிரேடில் 51 ஜெயித்தால் அதற்குப் பொருளே இல்லை. இன்னொரு கணக்கு: ஓர் உத்தியின் ஷார்ப் விகிதம் (ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்ட லாபம்) ஆண்டுக்கு 0.5 என்றால், அதே நம்பிக்கையை எட்ட 16 ஆண்டுத் தரவு தேவை. விகிதம் 1 என்றால் 4 ஆண்டு, 2 என்றால் ஓர் ஆண்டு. ஓராண்டு லாபத்தைக் காட்டித் தன் திறமையை நிரூபித்துவிட்டதாக நம்பும் பலர் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

அடுத்தது இன்னும் ஆபத்தானது. எந்தச் சாரமும் இல்லாத 20 உத்திகளை 5 சதவீத அளவுகோலில் (தற்செயலாகவே தேறிவிடும் வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் 5 சதவீதம்) சோதித்தால், ஒன்றாவது ‘வேலை செய்கிறது’ என்று தோன்றும் வாய்ப்பு 64 சதவீதம். பழைய தரவில் உத்தியை ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்ட் மென்பொருள் வைத்திருக்கும் ஒருவர் ஒரே மாலையில் 20 உத்திகளைச் சோதித்துவிடலாம். தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

பந்தய அளவுக்கு வருவோம். பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி 1956-ல் வெளியிட்ட சூத்திரப்படி, 55 சதவீதம் ஜெயிக்கும் சமப் பந்தயத்தில் (வென்றாலும் தோற்றாலும் அதே தொகை) ஒவ்வொரு முறையும் கையிருப்பில் 10 சதவீதம் வைத்தால் நீண்டகால வளர்ச்சி அதிகபட்சமாக இருக்கும். 20 சதவீதம் வைத்தால் வளர்ச்சி பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. 30 சதவீதம் வைத்தால், சாதகமான பந்தயத்திலேயே காலப்போக்கில் முதல் கரைந்து போகிறது. ஜெயிக்கிற ஆட்டத்தில் தோற்பதற்கு வழி இருக்கிறது, அந்த வழியின் பெயர் பேராசை என்பதைக் கணிதம் மூன்றே வரியில் காட்டிவிடுகிறது.

இந்த மூன்றும் இளநிலைப் பட்ட அளவிலேயே கற்றுக்கொள்ளக்கூடியவை. டிரேடரை அன்றாடம் காப்பாற்றும் கணிதத்தில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்துவிடுகிறது: நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் இயற்கணிதம், கொஞ்சம் உகப்பாக்கம் (optimization). கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1969-ல் தன் முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கிய எட் தோர்ப் வாழ்நாள் முழுதும் கைவிடாமல் பிடித்திருந்த கருவிகளில் ஒன்று கெல்லியின் அந்தச் சூத்திரம்.

அப்படியானால் உயர்கணிதம் எங்கே வருகிறது? 500 பங்குகளைக் கொண்ட ஒரு தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து அசைகின்றன என்று சொல்லும் அணியில், அதாவது எண் கட்டத்தில், 1,25,250 தனித்தனி எண்கள் உண்டு. கையில் இருப்பதோ இரண்டாண்டு தினசரித் தரவு, அதாவது சுமார் 500 நாள். இந்தச் சொற்பத் தரவிலிருந்து அத்தனை எண்களை மதிப்பிட்டால் அதில் பெரும்பகுதி இரைச்சல்தான். எது இரைச்சல், எது உண்மையான தொடர்பு என்று பிரிக்க, 1967-ல் மார்ச்சென்கோவும் பாஸ்டூரும் நிறுவிய சமவாய்ப்பு அணிகள் (எண்கள் தற்செயலாக அமைந்த அணிகள்) பற்றிய தேற்றம் போன்றவை உதவுகின்றன. டெரிவேட்டிவ் விலைக்கு வந்தால் இத்தோவின் கால்குலஸ் (முன்பு சொன்ன ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ்) இல்லாமல் அடி எடுத்துவைக்க முடியாது. ஆய்வாளர் நாற்காலியிலும் விலை மாடல் நாற்காலியிலும் ஆழம் இப்படிப் பலன் தருகிறது. மார்க்கெட் மேக்கிங் நாற்காலியில் அதே ஆழம் அலமாரியில்தான் இருக்கும்.

## இளநிலைப் பட்டத்தோடு நேராக வேலை

கதவு: மார்க்கெட் மேக்கிங், டெவலப்பர் இரண்டுக்கும் அகலத் திறந்திருக்கிறது. ஆய்வாளர் வேலைக்கு மிகச் சிலருக்கே, பெரும்பாலும் ஒலிம்பியாட் போன்ற போட்டிகளில் தடம் பதித்தவர்களுக்கு.

பலன்: நமக்கு ஒத்துவருமா என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். கற்றுக்கொள்ளும்போதே சம்பளம் வருகிறது. டிரேடிங்கைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று ரிச்சர்ட் டென்னிஸும் வில்லியம் எக்ஹார்ட்டும் 1983-ல் போட்ட பந்தயத்தை இங்கே நினைக்கலாம். முடியும் என்றார் டென்னிஸ், முடியாது என்றார் எக்ஹார்ட். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, வெவ்வேறு பின்னணிகளிலிருந்து ஆட்களைத் தேர்ந்து, இரண்டே வாரம் பயிற்சி கொடுத்து, டென்னிஸின் பணத்தை டிரேட் செய்யவிட்டார்கள். அவர்களில் பலர் நல்ல லாபம் ஈட்டியதால் எக்ஹார்ட் தன் கட்சி தோற்றதை ஒப்புக்கொண்டார். அந்த எக்ஹார்ட்டே கணிதத் தர்க்கத்தில் முனைவர் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு டிரேடிங்குக்கு வந்தவர் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி.

மறைந்திருக்கும் விலை: இரண்டு உண்டு. ஒரு குறிப்பிட்ட சந்தையில், ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் கருவிகளோடு பெற்ற திறமை வெளியே அவ்வளவாக விலைபோகாது. ஓரிரண்டு ஆண்டில் நிறுவனம் ‘சரிப்படவில்லை’ என்று அனுப்பிவிட்டால், கையில் இருப்பது இளநிலைப் பட்டமும் ஒரு குறுகிய அனுபவமும்தான். வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் போட்டித் தடை விதியையும் கையெழுத்துக்கு முன் படியுங்கள். விலகியபின் ஆறு மாதம், ஓராண்டு, சில இடங்களில் அதற்கும் மேல், போட்டி நிறுவனத்தில் சேர முடியாது. அந்தக் காலத்துக்குச் சம்பளம் உண்டா, எவ்வளவு என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இரண்டாவது விலை மெதுவாகத் தெரிவது. நல்ல சம்பளத்துக்குப் பழகியபின் மாணவர் உதவித்தொகைக்குத் திரும்புவது பெரும்பாலானவர்களால் முடிவதில்லை. ‘இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் பிஎச்.டி.க்கு வருகிறேன்’ என்பதை ஒரு திட்டமாக எண்ண வேண்டாம்.

## நிதிப் பொறியியல் முதுகலை

நிதிச் சந்தைக்கான கணிதத்தைச் சொல்லித்தரும் படிப்பு இது. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1994-ல் தொடங்கிய படிப்பு இந்த வகையில் முன்னோடிகளில் ஒன்று. அதற்கும் முன்பே, 1990-ல், பாரிஸில் நிக்கோல் எல் கரூயி தொடங்கிய பாடத்திட்டத்திலிருந்து உலக வங்கிகளின் டெரிவேட்டிவ் மேசைகளுக்கு ஒரு தலைமுறையே போயிருக்கிறது.

கதவு: விலை மாடல், அபாயக் கணிப்பு வேலைகளுக்கு நேர்வழி. நல்ல பெயருள்ள படிப்பானால் முன்னாள் மாணவர்களின் தொடர்பே பாதி மதிப்பு.

பலன்: ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் முடிந்துவிடும். பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து வருகிற திறமைசாலிக்கு இது ஒரு முகவரி மாற்றம். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் உண்மை. விண்ணப்பத்தை யாராவது திறந்து பார்ப்பதே பெரும்பாடு.

மறைந்திருக்கும் விலை: கட்டணம் முழுவதும் உங்கள் தலையில். முனைவர் படிப்பில் கிடைப்பதுபோல் கட்டண விலக்கு இங்கே அரிது. அதைவிடப் பெரிய சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கான நேர்காணல்கள் படிப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே ஆரம்பித்துவிடுகின்றன. அந்த நேர்காணலில் உட்காரும்போது உங்களுக்குத் தெரிந்தவை நீங்கள் சேர்வதற்கு முன்பே கற்றவைதாம். படிப்பு சொல்லித்தந்து வேலை கிடைக்கும் என்று நம்பிச் சேர்பவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். நிகழ்தகவும் நிரல் எழுதும் பழக்கமும் சேரும் நாளிலேயே கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பாடத்திட்டங்களில் பல, சிக்கலான டெரிவேட்டிவ்களின் பொற்காலத்தில் வடிவமைக்கப்பட்டவை. 2008 நெருக்கடிக்குப் பின் வங்கிகளில் அந்த வேலைகள் சுருங்கி, மாடல் சரிபார்ப்பு, அபாய மேலாண்மை வேலைகள் பெருகின. இந்தப் பட்டத்தோடு போகிற பலர் அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள். நல்ல வேலைதான், நிலையானதும்கூட. ஆனால் அது டிரேடிங் இல்லை. சேருவதற்கு முன், சென்ற ஆண்டு முடித்தவர்கள் இன்று எந்தப் பதவிப் பெயரோடு இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பாருங்கள். ‘இத்தனை சதவீதம் வேலைவாய்ப்பு’ என்ற வரி அதைச் சொல்லாது.

## கணிதம் அல்லது புள்ளியியலில் முதுகலை

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் பொதுவாகக் குறைவு, ஆழம் அதிகம், நிதித்துறைக்கு வேலை தேடித்தர யாரும் இல்லை. முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்களுக்கு இது நல்ல தங்குமடம். முனைவர் படிப்பு, தரவு அறிவியல், காப்பீட்டுக் கணிதம், டிரேடிங் எல்லாப் பக்கமும் கதவு இருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்வதானால் தூய கணிதத்தைவிடப் புள்ளியியலைச் சொல்வேன். டோப்பாலஜி மனத்தைக் கூர்மையாக்கும். தரவின் இரைச்சலோடு மல்லுக்கட்டிப் பழகியவருக்குத்தான் சந்தை அந்நியமாகத் தெரியாது.

## முனைவர் பட்டம்

கதவு: ஆய்வாளர் நாற்காலிக்கு இதைவிட வலுவான சீட்டு இல்லை. சைமன்ஸின் நிறுவனமான ரினைசான்ஸ் டெக்னாலஜீஸ் நிதி அனுபவம் இல்லாத கணித, இயற்பியல், கணினி அறிவியல் முனைவர்களையே விரும்பி எடுத்தது. 1993-ல் ஐபிஎம்மிலிருந்து அங்கே போய், பின்னாளில் அதன் தலைமைக்கு வந்த பீட்டர் பிரவுனும் ராபர்ட் மெர்சரும் பேச்சை அடையாளம் காணும் ஆய்வுக் குழுவில் இருந்தவர்கள். ஒலியின் இரைச்சலில் சொல்லைத் தேடியவர்களுக்கு விலையின் இரைச்சலில் தடயம் தேடுவது அதே கைத்தொழிலின் தொடர்ச்சி.

பலன்: உண்மையான பலன் ஆய்வேட்டின் தலைப்பில் இல்லை. விடை இருக்கிறதா என்றே தெரியாத கேள்வியோடு இரண்டாண்டு குடித்தனம் நடத்தும் பழக்கம் இருக்கிறதே, அதை எந்தக் குறுகியகாலப் படிப்பும் தராது. ஆய்வாளர் வேலையில் பத்து யோசனைகளில் ஒன்பது செத்துப்போகும். ஒன்பதாவதும் செத்தபின் பத்தாவதைக் கவனமாகச் சோதிக்கும் பொறுமையைத்தான் நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்குகின்றன. ஐந்தாவது அளவுகோலிலும் இதுவே முன்னால் நிற்கிறது. டிரேடிங் கிடைக்காவிட்டாலும் ஆசிரியப் பணி, ஆய்வகம், மென்பொருள் நிறுவனங்கள் என்று போக இடம் உண்டு.

மறைந்திருக்கும் விலை: அமெரிக்காவில் பொதுவாக ஐந்து முதல் ஆறு ஆண்டு, ஐரோப்பாவில் முதுகலைக்குப் பின் மூன்று முதல் நான்கு ஆண்டு. கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைப்பதால் ‘இலவசம்’ என்று தோன்றும். அந்த ஆண்டுகளில் வேறு இடத்தில் வாங்கியிருக்கக்கூடிய சம்பளம் எல்லாப் படிப்புக் கட்டணத்தையும் மிஞ்சும். நெறியாளர் ஒத்துவராவிட்டால் ஆண்டுகள் கூடும். நான் பார்த்தவரை, பாதியில் நின்றுபோனவர்களில் திறமை குறைந்தவர்கள் அபூர்வம். கேள்வியின் மேல் காதல் தீர்ந்துபோனவர்கள்தான் அதிகம்.

அதனால்தான் சைமன்ஸின் கதையை அரைகுறையாகச் சொல்லக்கூடாது என்கிறேன். அவர் 1961-ல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றார். 1968 முதல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கணிதத்துறைக்குத் தலைமை தாங்கினார். கணிதவியலாளர் செர்னோடு சேர்ந்து 1974-ல் வெளியிட்ட கட்டுரை இன்றும் இயற்பியலாளர்கள் கையாளும் படைப்பு. 1978-ல்தான் கல்வித்துறையை விட்டு வெளியே வந்தார். தொடக்க ஆண்டுகளில் மாடலைவிடச் சொந்தக் கணிப்பில்தான் அதிகம் டிரேட் செய்தார். புகழ்பெற்ற மெடாலியன் ஃபண்ட் தொடங்கியது 1988-ல். டிரேடிங்குக்காகக் கணிதம் படித்தவர் இல்லை அவர். கணிதத்தில் ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்.

முனைவர் பட்டம் பிழையிலிருந்து காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். 1994-ல் தொடங்கிய லாங்-டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற ஹெட்ஜ் ஃபண்டில் மைரன் ஷோல்ஸும் ராபர்ட் மெர்ட்டனும் பங்குதாரர்கள். இருவருக்கும் 1997-ல் பொருளாதார நோபல். 1998 தொடக்கத்தில் அந்த நிறுவனம் தன் மூலதனத்தைப்போல் சுமார் 25 மடங்கு சொத்துகளைக் கடனில் சுமந்துகொண்டிருந்தது. ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்பித் தராமல் நிறுத்தியதும் சந்தைகள் எதிர்த்திசையில் ஓடின. கடைசியில் 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட வேண்டியிருந்தது. மேலே பார்த்த கெல்லியின் 30 சதவீதக் கணக்கை நோபல் அளவில் போட்டுப் பார்த்ததுபோல.

## சொந்தப் பணத்தில், பட்டமே இல்லாமல்

‘நிறுவனமே வேண்டாம், வீட்டிலிருந்தே டிரேட் செய்கிறேன்’ என்பவர்களுக்கும் ஒரு பத்தி. பிரேசிலின் பங்குக் குறியீட்டு ஃபியூச்சர்ஸில் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்களில்) 2013-க்கும் 2015-க்கும் இடையே தினசரி டிரேடிங்கைத் தொடங்கியவர்களை மூன்று ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97 சதவீதம் பேர் பணத்தை இழந்திருந்தார்கள். இதில் கணிதப் பட்டம் பெரிதாக எதையும் மாற்றாது. தரகும் விலை வித்தியாசமும் அறிவாளியிடமும் அதே வீதத்தில்தான் வசூலிக்கின்றன. கற்றுக்கொள்ள, போனால் போகட்டும் என்று விடக்கூடிய சிறு தொகையில் செய்து பார்க்கலாம். இதைத் தொழில் பாதையாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| வழி | காலம் | பொருந்தும் நாற்காலி | ஒத்துவருமா எனத் தெரிய | மறைந்திருக்கும் விலை | கதவு திறக்காவிட்டால் |
|---|---|---|---|---|---|
| இளநிலையோடு வேலை | 0 | மார்க்கெட் மேக்கிங், டெவலப்பர் | ஓராண்டு | போட்டித் தடை, குறுகிய திறமை | மென்பொருள் தெரிந்தால் தப்பலாம் |
| நிதிப் பொறியியல் முதுகலை | 1–2 ஆண்டு | விலை மாடல், அபாயக் கணிப்பு | முதல் சில மாதம் | முழுக் கட்டணம், முன்கூட்டியே நேர்காணல் | வங்கி அபாயத் துறை |
| கணிதம், புள்ளியியல் முதுகலை | 1–2 ஆண்டு | முடிவெடுக்காதவருக்கு | படிக்கும்போது தெரியாது | வேலை தேடல் உங்கள் பொறுப்பு | தரவு அறிவியல், காப்பீடு |
| முனைவர் பட்டம் | 3–6 ஆண்டு | ஆய்வாளர் | கோடைக்கால இன்டர்ன்ஷிப்பில் | விட்ட சம்பளம், நெறியாளர் | பல துறைகள் |

## யாருக்கு எது

மனக்கணக்கும் சீட்டாட்டமும் செஸ்ஸும் பிடிக்கும், ஒரே கேள்வியில் ஒரு வாரம் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்றால், இளநிலை முடித்ததும் மார்க்கெட் மேக்கிங் நிறுவனங்களுக்கு விண்ணப்பியுங்கள். உங்களுக்கு முனைவர் படிப்பு தண்டனையாகத்தான் இருக்கும்.

கணிதம் நன்றாக வரும், கல்லூரியின் பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை என்றால், நல்ல முதுகலை ஒன்று செலவுக்குத் தகும். கடன் வாங்கிப் படிப்பதானால், அபாயத் துறைச் சம்பளத்தில் அந்தக் கடனை அடைக்க முடியுமா என்று பாருங்கள். டிரேடர் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

முப்பதை நெருங்குகிற, மென்பொருள் வேலையில் இருக்கிறவர் முனைவர் படிப்பைத் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். சி பிளஸ் பிளஸ் ஆழமாகத் தெரிந்தவருக்கு டெவலப்பர் நாற்காலி காத்திருக்கிறது. உள்ளே போனபின் ஆய்வுப் பக்கம் நகர்ந்தவர்கள் உண்டு.

ஏற்கெனவே முனைவர் படிப்பில் இருப்பவர் முடித்துவிடுவதே நல்லது. பாதியில் முதுகலைப் பட்டத்தோடு வெளியேறவும் பல பல்கலைக்கழகங்களில் வழி இருக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே ஒரு கோடையை இன்டர்ன்ஷிப்பில் கழித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். பைத்தானில் நிரல் எழுதாமல் ஆய்வேடு முடிக்கிற தூய கணிதக்காரர் கடைசி ஆண்டில் மிகவும் சிரமப்படுவார்.

முனைவர் படிப்பைப் புதிதாகத் தொடங்க நினைப்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். டிரேடிங் கதவு நாளைக்கே நிரந்தரமாக மூடிவிட்டால், இந்தப் படிப்பைத் தொடர்வீர்களா? ஆம் என்றால் தாராளமாகப் போங்கள். இல்லை என்றால் ஐந்தாண்டு மிக நீளம்.

## விண்ணப்பிக்கும் முன் ஒரு சோதனை

இந்தக் கேள்விக்கு விடை தெரியாதவர்கள் மூன்று மாதம் ஒதுக்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் பத்தாண்டு தினசரி விலைத் தரவை எடுத்து, எளிய உத்தி ஒன்றை எழுதுங்கள். கடந்த ஓராண்டில் ஏறியதை வாங்குவது, இறங்கியதை விற்பது என்பதுபோல ஏதாவது. கடைசி மூன்று ஆண்டுத் தரவைத் தொடாமல் பூட்டிவையுங்கள். தரகு, விலை வித்தியாசம் எல்லாவற்றையும் கழியுங்கள். எத்தனை வடிவங்களைச் சோதித்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் குறித்துவையுங்கள். பிறகு ஒரே ஒரு முறை பூட்டைத் திறந்து, அந்த மூன்று ஆண்டில் ஓட்டிப் பாருங்கள்.

அநேகமாகத் தோற்கும். ஏன் தோற்றது என்று பத்துப் பக்கம் எழுதுங்கள். அந்தப் பத்துப் பக்கத்தை எழுதிய வாரங்கள் சுவையாக இருந்தால் நீங்கள் ஆய்வாளர் பக்கம். சலித்துப்போய், ‘சரி, அடுத்த டிரேடுக்குப் போகலாம்’ என்று கை பரபரத்தால் டிரேடர் பக்கம். உத்தியைவிட அதை ஓட்டும் நிரலைச் செம்மைப்படுத்துவதிலேயே நேரம் போயிருந்தால் டெவலப்பர் நாற்காலியைப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் மனம் இழுத்தால் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்கத் தடையில்லை. டிரேடிங் நிறுவனங்களின் தேர்வு இலையுதிர்காலத்தில் நடக்கிறது. அமெரிக்க முனைவர் படிப்புகளுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி முடிகிறது. உதவித்தொகையோடு இடம் கிடைத்தால், அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு. வேலைக் கடிதத்துக்கும் அதுவரை அவகாசம் கேட்டுப் பார்க்கலாம். அப்போது ஒரு கையில் வேலை, இன்னொரு கையில் நெறியாளரின் பெயரோடு ஒரு படிப்பு இருக்கும். நெறியாளரின் மாணவர்கள் இருவரிடமும், அந்த நிறுவனத்தில் இரண்டாண்டு வேலை பார்த்து விலகிய ஒருவரிடமும் பேசிவிட்டு ஏப்ரல் 14 அன்று முடிவெடுங்கள்.